அந்தமானில் எடுத்த இழை

எனக்குக் கோபம் வந்தால் அன்றைக்கே தெரியாது. எல்லோருக்கும் பரிமாறுவேன், அடுப்படியைத் துடைப்பேன், கதவைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டுவேன். வெடிப்பதற்கு நாளாகும். அதற்குள் கோபத்தைக் கிளப்பியவர்களே அதை மறந்து போயிருப்பார்கள். "முடிஞ்சுபோனதை இப்ப எதுக்கு எடுக்குற?" என்று என் கணவர் கேட்பார். முப்பது வருடத்துக்கு மேல் பெண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவள் நான். விடை தப்பாக இருந்தால் எத்தனை நாள் ஆனாலும் அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு வந்து நிற்பேன்.

ஒரு பிள்ளையார் நோன்பன்று வந்த கோபம் பதினொரு மாதம் கழித்து வெடித்தது. அதனால்தான் எழுபதை ஒட்டிய நாங்கள் இரண்டு பேரும் கிறிஸ்துமஸ் லீவில் காரைக்குடியிலிருந்து கிளம்பி, சென்னையில் விமானம் ஏறி, அந்தமானில் இருக்கும் சம்பந்தி வீட்டில் போய் இறங்கினோம். ஊரில் பாதிப்பேர் நாங்கள் கடல் பார்க்கப் போனதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப்பேருக்கு விஷயம் தெரியும்.

நோன்பைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திருக்கார்த்திகை கழிந்து இருபத்தோராம் நாள் எங்கள் நகரத்தார் வீடுகளில் இழை எடுப்போம். தண்ணீர் படாத கோடி வேட்டியிலிருந்து இருபத்தோரு நூல் உருவித் திரியாகத் திரிப்போம். பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் நெய்யில் பிசைந்து, கட்டைவிரல் அளவுக்குப் பிள்ளையார் பிடித்து, அதில் அந்தத் திரியைச் செருகிப் பற்றவைப்போம். எரிகிற சுடரோடு வாயில் போட்டு விழுங்க வேண்டும். அதுதான் இழை. வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவருக்கும் தன் கையால் எடுத்துக் கொடுப்பார். கப்பலில் வியாபாரத்துக்குப் போன எங்கள் முன்னோர்கள் புயலில் மாட்டிக்கொண்டு, நாளுக்கு ஒரு நூலாக வேட்டியிலிருந்து உருவி நாள் எண்ணினார்களாம். இருபத்தோராம் நாள் கரை ஒதுங்கியதும், கையிலிருந்த மாவில் அந்த நூல்களையே திரியாக ஏற்றிப் பிள்ளையாரைக் கும்பிட்டார்களாம். வெளியூரில், வெளிநாட்டில் எங்கே இருந்தாலும் அன்றைக்கு எங்கள் ஆட்கள் இழை எடுக்காமல் இருப்பதில்லை.

என் மகன் துறைமுக வேலைக்காக அந்தமான் போனவன். அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். கிறிஸ்தவப் பெண். அவளுடைய தாத்தா தொண்டிப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர். கல்யாணம் அங்கே மாதா கோயிலில் நடந்தது. நாங்கள் போகவில்லை. என் கணவர் போகலாமா என்று கேட்கிற முகத்தோடு ஒரு மாதம் வளைய வந்தார். நான்தான் "அந்தப் பேச்சே வேண்டாம்" என்றேன். அதை இங்கே எழுதாமல் விட்டால் இனிமேல் எழுதப்போவதெல்லாம் பித்தலாட்டம் ஆகிவிடும். பேத்தி பிறந்து படம் வந்த பிறகு ஆறு மாதம் வீம்பாக இருந்தேன். ஏழாவது மாதம் நானே போன் செய்தேன்.

பேத்திக்கு நான்கு வயதானபோது மூன்று பேரும் நோன்புக்குக் காரைக்குடி வந்தார்கள். எங்கள் வீடு என் கணவரின் தாத்தா கட்டியது, பங்காளிகளுக்குப் பொது. நோன்புக்கு எல்லோரும் அங்கேதான் கூடுவோம். இழை கொடுப்பவர் என் கணவரின் அண்ணன். எண்பதைத் தொட்டவர், ஆனாலும் குரல் கணீரென்று இருக்கும். வயது வரிசைப்படி கொடுத்துக்கொண்டே வந்தார். எனக்கும் என் கணவருக்கும் கொடுத்தார். விழுங்கினோம். அவருடைய பேரன் பெண்டாட்டி முழுகாமல் இருந்தாள். அவளுக்கு ஒன்று, வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஒன்று என்று இரண்டு கொடுத்தார். அதுதான் முறை. என் மகனுக்கும் கொடுத்தார். அடுத்து என் மருமகளும் பேத்தியும் நின்றார்கள். பேத்தி எல்லோரையும் பார்த்துக் கற்றுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றாள்.

அவர் அவர்கள் இரண்டு பேரையும் தாண்டி அடுத்த பிள்ளைக்குப் போனார்.

அவள் வாயை மூடவில்லை. வரிசை முடியும்வரை அப்படியே நின்றாள். என் மருமகள் குனிந்து, அவள் தாடையில் விரலை வைத்து மெதுவாக மூடிவிட்டாள். "அண்ணே, பிள்ளைக்கு..." என்று என் கணவர் ஆரம்பித்தார். "அவுக வழக்கம் அவுகளுக்கு இருக்குல்ல தம்பி. நம்ம எதுக்குத் திணிக்கணும்? பிள்ளைக்குப் பணியாரம் குடுக்கச் சொல்லு" என்றார் அண்ணன். ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார். என் கணவர் தலையை ஆட்டினார். நான் போய்ப் பணியாரம் எடுத்துக்கொண்டு வந்தேன். ஆமாம், நான்தான் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் இரண்டு தின்றாள், நன்றாக இருக்கிறது என்றாள்.

எல்லா வீட்டிலும் இப்படி இல்லை. கண்டரமாணிக்கத்தில் என் பிறந்த வீட்டில் அப்பச்சி, அதாவது என் அப்பா, இழை கொடுக்கும்போது யார் வந்து நின்றாலும் கொடுப்பார். இழை போதுமா என்று சந்தேகம் வந்தால் கூடுதலாக ஒன்று பிடிக்கச் சொல்வார். ஆகவே இது நோன்பின் குற்றம் இல்லை, ஒரு மனிதரின் குற்றம். அப்புறம் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்ற எங்கள் குற்றம். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு உண்டு, கண்ணுக்கு முன்னால் நிற்கிற பிள்ளைக்கு இல்லை என்றால் அது என்ன கணக்கு? இதை நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். பாத்திரம் கழுவினேன்.

அடுத்த கார்த்திகையில் என் ஓரகத்தி, அதாவது அந்த அண்ணனின் மனைவி, நோன்புக்கு மாவு இடிக்க எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

"உங்க பக்கம் ரெண்டு பேருதானே?"

"இல்ல ஆச்சி. அஞ்சு பேரு."

"அந்தமான்லருந்து வாராகளா? சொல்லவே இல்லையே."

"அவுக வரலை. நாங்க அங்குட்டுப் போறோம். அங்கனயே எடுக்கப்போறோம். எங்களுக்கு இங்க மாவு வேண்டாம்."

இதைச் சொல்லும்வரை எனக்கே அது தெரியாது. என் கணவருக்கும் தெரியாது. முற்றத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர், பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் சிவகங்கையில் அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மேலே இருப்பவர் சொன்னதைக் கேட்டே பழகியவர். வீட்டில் அந்த மேலிடம் அண்ணன்தான். அண்ணன் பேச்சை ஒரு தடவைகூட அவர் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே அண்ணன் வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்துப் பேசினார்.

"பொழைக்கப் போன இடத்துல நம்மாளுக கூடி எடுக்கிறாக, சரி. லீவுக்குப் போற இடத்துலயா நோன்பு? யாரு வீட்டுல வச்சு எடுப்பீக?"

"சம்மந்தி வீட்டுல" என்றேன் நான்.

"சிலுவைக்குக் கீழயா?"

"அங்கனயும் காத்து இருக்கு, தீ எரியும். நம்ம நோன்பு பொறந்ததே கடல்லதானே? இந்த வீட்டு முற்றத்துலயா புயல் அடிச்சுச்சு?"

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து போகும்போது தம்பியிடம் மட்டும், "மூத்தவன் இருக்கையில நீ உன் கையால குடுக்கிறது முறையில்ல. பார்த்துக்க" என்றார். என் கணவர் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். மறுநாள் காலையில், "ஏர்போர்ட்ல பொரி எல்லாம் விடுவாகளா?" என்று கேட்டார். அவர் வருகிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நோன்புக்குப் படைக்க நெல், கம்பு, சோளம், எள், அவல் என்று ஐந்து வகைப் பொரியும் திருப்பத்தூர் சந்தையில் வாங்கினோம். வரும் வழியில் ரோட்டோரம் நின்ற செடியில் ஆவாரம்பூ ஒரு பை பறித்துக்கொண்டேன். மாவு இடித்து டப்பாவில் அடைத்தேன். வேட்டியை மட்டும் அவர் தானே வாங்குவதாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் வாங்கி, பிரிக்காமல், மஞ்சள் தடவிப் பெட்டியில் வைத்தார். சென்னை விமான நிலையத்தில் சோதனை போட்ட பெண் ஐந்து பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, அங்க பொரி கிடைக்காதா?" என்றாள். "கிடைக்கும், கோபம் கிடைக்காது" என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சம்பந்தி வீடு ஒரு சரிவில் இருக்கிறது. தகரக் கூரை. பின்னால் பாக்கு மரங்கள், முன்னால் இரண்டு வீட்டுக் கூரைகளுக்கு நடுவே ஒரு துண்டுக் கடல். வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. ஒரு மூலையில் வைக்கோல் பரப்பிக் குடில் கட்டியிருந்தார்கள். பேத்தி என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஒவ்வொரு ஆட்டுக்குட்டியாகக் காட்டினாள். சம்பந்தி, தீவுக்குத் தீவு ஓடுகிற பயணிகள் படகில் சுக்கான் பிடித்து ஓய்வு பெற்றவர். சம்பந்தியம்மா பேச்சில் ஒளிவு மறைவு கிடையாது. டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "கல்யாணத்துல உங்களுக்குன்னு முன்னால ரெண்டு நாற்காலி போட்டிருந்தோம். கடைசிவரை யாரையும் உக்கார விடலை" என்றார்.

"தப்பு என்னுதுதான்" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் தலையை ஆட்டிவிட்டு முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

நான்கு நாள் நாங்களும் லீவுக்கு வந்தவர்களாகத்தான் இருந்தோம். அங்கே காலை ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடுகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. என் கணவருக்கு அது பெரிய குழப்பம், நாலரை மணிக்கே விளக்கேற்றச் சொல்லி அவசரப்படுத்துவார். பேத்தி அவரைக் கடலுக்குக் கூட்டிப்போய் வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லி, அலை வரும்போது எப்படிக் குதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். இந்தியும் தமிழும் கலந்து அவள் போட்ட உத்தரவுக்கெல்லாம் அவர் குதித்தார். சிவகங்கை ஆபீசில் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். நான் மணலில் உட்கார்ந்து இளநீர் குடித்தேன். எனக்குக் கடல் பிடிக்காது என்று அறுபத்தெட்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஒரு சாயங்காலம் என் கணவர் சம்பந்திக்கு நோன்புக் கதையைச் சொன்னார். அவர் படகுக்காரர் அல்லவா, கேள்வியாகக் கேட்டுத் துளைத்துவிட்டார்.

"இருபத்தோரு நாளா? எந்தப் பக்கத்துக் காத்து சம்மந்தி அது?"

"அதெல்லாம் சொல்லலை."

"குடிதண்ணிக்கு என்ன செஞ்சாக?"

"தெரியலையே."

"எந்தக் கரையில ஒதுங்குனாக?"

"அதுவும் யாருக்கும் தெரியாது."

"அப்ப இங்கனயாக்கூட இருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. நாற்காலியைக் கடல் தெரிகிற பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

நோன்பு அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் வந்தது. நான் கேட்காமலே சம்பந்தியம்மா அடுப்படியைக் கழுவிவிட்டு, வாங்கி வைத்திருந்த மீனையும் கறியையும் அடுத்த வீட்டுக் குளிர்பெட்டியில் கொண்டுபோய் வைத்துவிட்டார். கேக்கில் முட்டை இருக்கிறதே என்று அதையும் அங்கேயே அனுப்பினார். "ஒரு நாளைக்கு அவுகளுக்குக் கிறிஸ்துமஸ் சீக்கிரம் வந்துருச்சுன்னு நெனைச்சுக்கட்டும்" என்றார். நானும் மருமகளும் பணியாரம் சுட்டோம். வாடிப்போன ஆவாரம்பூவைத் தண்ணீர் தெளித்து நிமிர்த்தினேன்.

இருட்டத் தொடங்கியதும் கூடத்தில் கோலம் போட்டுப் பிள்ளையார் படத்தை வைத்தோம். என் கணவர் குளித்துவிட்டு வந்து வேட்டியைப் பிரித்தார். எங்கள் வீட்டில் நூலை நோன்பன்றுதான் உருவுவோம். நூல் லேசில் வரவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. ஒன்றை இழுத்தார், இரண்டை இழுத்தார். எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஒரு நூலை வாங்கி விளக்கில் காட்டினேன். அது எரியவில்லை. சுருண்டு, கறுத்து, கெட்ட நாற்றத்தோடு உருகி, நுனியில் சின்ன உருண்டையாகத் திரண்டு, என் விரலில் ஒட்டிக்கொண்டது. கொப்புளம் வந்துவிட்டது.

பாலியெஸ்டர் கலந்த வேட்டி. பருத்தி என்று கடைக்காரர் சொன்னாராம், இவரும் தலையை ஆட்டிவிட்டு வாங்கி வந்திருக்கிறார். இதைப் பிள்ளையின் வாயில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எனக்கு வந்த ஆத்திரத்தில், "ஒரு வேட்டி பார்த்து வாங்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று எல்லோர் முன்னிலையிலும் கத்திவிட்டேன். இந்தக் கோபம் மட்டும் உடனே வந்தது. அவர் வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு எப்படித் தெரியும்? அறுபது வருசமா அண்ணன்தானே வாங்குறாரு" என்றார். அதற்கு மேல் நான் என்ன கத்துவது? எழுபது வயதிலும் ஒரு கோடி வேட்டி வாங்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்ததில்லை. நூலைப் பிரித்துத் தடவிப் பார்க்க வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை.

மகன் கடைவீதிக்குப் போகிறேன் என்று வண்டிச் சாவியை எடுத்தான். போய்வர ஒரு மணி நேரம் ஆகும். அத்தனை கோபத்திலும் அண்ணன் குறித்துச் சொல்லியனுப்பியிருந்த இழை எடுக்கும் நேரம் அரை மணியில் முடிந்துவிடும். பேத்தி புதுப் பாவாடை கட்டிக்கொண்டு நின்றாள். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளே போய்த் தன் தட்டில் ஒரு பணியாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தனக்கு அதுதான் கிடைக்கும் என்று முடிவு செய்துவிட்டாள்.

சம்பந்தி எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் கண்ணாடித்தாள் கவரில் ஒரு வேட்டி.

"நாளைக்குக் கோயிலுக்குக் கட்ட எடுத்தது. சுத்தப் பருத்தி. தண்ணி காணாத கோடி. ஆகுமா பாருங்க சம்மந்தி."

"கிறிஸ்துமஸுக்கு என்னத்தக் கட்டுவீக?" என்றார் அவர் மனைவி.

"இதைத்தான். ஓரத்துல நூல் கொறைஞ்சா சேசு கோவிச்சுக்குவாரா?"

என் கணவர் ஒரு நூலை உருவி விளக்கில் காட்டினார். நின்று எரிந்து, சாம்பலாக உதிர்ந்தது.

"ஏழு பேருக்கு உருவணும்" என்றார். நாங்கள் ஐந்து பேர் என்றுதான் நான் மாவு உருட்டியிருந்தேன். "வேட்டி குடுத்தவுகளைத் தள்ளி நிக்கச் சொல்லவா?" என்றார் என்னைப் பார்த்து. ஏழு பேருக்கு நூற்று நாற்பத்தேழு நூல். நேரம் இல்லையே என்று நான் குறுக்கு வழி சொன்னேன். இருபத்தோரு நூலை மட்டும் உருவி, ஒவ்வொன்றையும் ஏழாக வெட்டினால் போதும், ஆளுக்கு இருபத்தொன்று வந்துவிடும்.

"முடியாது" என்றார். "ஆளுக்கு இருபத்தொண்ணு. தனித்தனியா."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் "முடியாது" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வரவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து உருவினோம். பேத்தி இருபத்தொன்றுவரை எண்ணி எண்ணிக் கட்டாக வைத்தாள். பதினாறுக்கு அப்புறம் அவளுக்குத் தடுமாறும், நான் எடுத்துக் கொடுத்தேன். முடிந்தபோது வேட்டியின் ஓரத்தில் குறுக்கு நூலெல்லாம் போய், மூன்று விரல் அகலத்துக்கு நெடுக்கு நூல் மட்டும் தொங்கியது.

மூத்தவர் முதலில் தான் எடுத்துக்கொண்டு, பிறகு வயது வரிசைப்படி கொடுப்பதுதான் வழக்கம். என் கணவர் முதல் இழையைப் பற்றவைத்தார், திரும்பினார், பேத்தி முன்னால் போய் நின்றார். அவள் வாயைத் திறக்கவில்லை. அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் தாத்தாவை ஐயா என்போம், அவருடைய அண்ணனைப் பெரிய ஐயா என்போம்.

"ஐயா, பெரிய ஐயா திட்டுவாகளா?"

சுடர் அவர் விரலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கையை எடுக்கவில்லை.

"திட்டட்டும். நீ வாயைத் திற."

திறந்தாள். போட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு மென்றாள். முகம் அஷ்டகோணலானது. "நூலு பல்லுல மாட்டிக்கிச்சு" என்று விரலை விட்டு இழுத்தாள். என் மருமகள் சிரித்துக்கொண்டே அழுதாள். அடுத்து அவளுக்குக் கொடுத்தார், என் மகனுக்குக் கொடுத்தார், எனக்குக் கொடுத்தார், தானும் எடுத்துக்கொண்டார். சம்பந்தி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கி, ஒரே விழுங்காக விழுங்கினார். சம்பந்தியம்மா மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "எனக்கு வேண்டாம் சம்மந்தி. தப்பா நெனைக்காதீக. வீடு உங்க வீடு, ஆனா என் மனசுக்கு இது ஒப்பலை" என்றார். ஒரு நொடி எனக்குச் சுருக்கென்றது. அப்புறம், முகத்துக்கு நேரே சொல்கிற மனுஷி நமக்குச் சம்பந்தியாகக் கிடைத்தாரே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. பணியாரத் தட்டை நான் அவர் பக்கம் நகர்த்தினேன்.

ஏழாவது இழை தட்டில் இருந்தது. என் கணவர் அதையும் பற்றவைத்து, மறுபடி பேத்தியிடம் போனார்.

"எனக்குக் குடுத்தாச்சே ஐயா."

"இது போன வருசத்துது" என்றார்.

மறுநாள் காலையில் நாங்கள் எல்லோரும் கோயிலுக்குப் போனோம். முன்வரிசையில் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். சம்பந்தி அந்த வேட்டியைத்தான் கட்டிக்கொண்டு வந்தார். நடக்கும்போது ஓரத்து நூல் கணுக்காலில் ஆடியது. "என்னண்ணே, எலி கடிச்சுருச்சா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "காரைக்குடியில இதுதான் இப்பப் புது மோஸ்தர்" என்றார். பாட்டு எனக்குத் தெரியாது. பேத்தி காதில் சொல்லச் சொல்ல வாயை மட்டும் அசைத்தேன்.

மத்தியானம் தரையில் வரிசையாக இலை போட்டு உட்கார்ந்தோம். அடுத்த வீட்டிலிருந்து மீனும் கறியும் கேக்கும் திரும்பி வந்திருந்தன. சம்பந்தியம்மா கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டு வரும்போது என் கணவரின் போன் அடித்தது. அண்ணன். கை எச்சிலாக இருந்ததால் என் மகன் அமுக்கி, சத்தமாகக் கேட்கும்படி இலைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"என்ன தம்பி, நோன்பு எடுத்தீகளா, இல்ல கடலப் பார்த்துக்கிட்டே விட்டுட்டீகளா?"

"எடுத்தோம் அண்ணே. ஏழு இழை."

"ஏழா? யாரு குடுத்தா?"

"நான்தான்."

அந்தக் கணீர்க் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"மூத்தவன் நான் உசுரோட இருக்கையில நீ எப்படிடா குடுத்தே?"

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம். பேத்தி தன் ஐயாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். அவர் எச்சில் கையை என் பக்கம் நீட்டி, பேசாதே என்று காட்டினார்.

"உங்களுக்கு நான் தம்பி, அண்ணே. எம் பேத்திக்கு நான்தான் மூத்தவன்."

அண்ணன் வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அடுத்த வருசம் நாங்க அஞ்சு பேரும் ஊருக்கு வாரோம். மாவு அதுக்குத் தக்கனப் பிசையச் சொல்லுங்க. நீங்க குடுத்தீகன்னா சந்தோசம். குடுக்கலைன்னா அதே முற்றத்துல, உங்க பக்கத்துல நின்னு நான் குடுப்பேன். அது எனக்கும் வீடுதான் அண்ணே."

போனை முழங்கையால் தள்ளிவிட்டு, அணைக்கச் சொல்லி மகனைப் பார்த்தார். அவன் அணைத்தான். இவர் சோற்றைப் பிசைந்தார். பிறகு நிமிர்ந்து, சம்பந்தியம்மாவிடம் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.